ஐயாவின் படம் யாரிடமாவது இருக்குமா?

வணக்கம். அப்பாவைப் பெற்ற ஐயா தவறி, வருகிற ஐப்பசியோடு ஒரு வருடம். தலைத்திதிக்குள் ஒரு சின்ன ஆல்பம் போடலாம் என்றால், கையில் நல்லபடியாக இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம். அதிலும் முறைக்கிறார்!

ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல், போட்டே பிழைத்தவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார். ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காது. சாயங்காலம் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் சிவப்பு நிற்கும். அந்தக் கையால்தான் திருநீறு பூசுவார், பேத்திகளுக்குச் சோறு உருட்டித் தருவார்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடை. முட்டி தேய்ந்த பிறகும் விடவில்லை. டாக்டர் சொன்னதை அவர் எங்கே கேட்டார்?

1980, 90களில் அந்தப் பாதயாத்திரையில் எடுத்த படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் பாருங்கள். பச்சைத் துண்டு, காதில் கடுக்கன், ஒல்லியான உருவம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டுக்குக் கல் பதித்தபோது எடுத்த படமானாலும் சரி.

இன்னொன்று: அப்பத்தாவுடன் எடுத்த கல்யாண போட்டோ ஈரம் பட்டு சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கிழியாமல் பிரிக்கத் தெரிந்தவர் காரைக்குடியில் யாராவது உண்டா? அதுவரை நான் கை வைக்கப் போவதில்லை.