முகவரியில் உள்ள கமாவால் டேட்டா இடம் மாறுகிறது, எந்தப் பிரிப்பான் வைப்பது?

சிம்மக்கல்:
வணக்கம். சுங்குடிச் சேலை மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பழைய பில்லிங் மென்பொருளில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலை மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும். சிஎஸ்வி (கமாவால் பிரித்த) கோப்பாக எடுத்து ‘லோட் டேட்டா’ கட்டளையில் ஏற்றினால், ‘வடக்கு மாசி வீதி, சிம்மக்கல், மதுரை 625001’ மூன்றாக உடைகிறது. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சிம்மக்கல்’ நிற்கிறது. கடன் பாக்கியும் இதே டேபிளில்தான், அதனால் பயமாக இருக்கிறது. கமாவுக்குப் பதில் டேப் வைத்தால் சரியாகுமா?

ஒத்தக்கடை:
பைப் குறி (|) வையுங்க அண்ணே. நம்ம ஊர் முகவரியில் கமா வரும், கதவு எண்ணில் சாய்கோடு வரும், பைப் வந்து நான் பார்த்ததில்லை. டேப் வேண்டாம். எக்செல்லிலிருந்து ஒட்டிய வரிகளில் அது ஒளிந்திருக்கும்.

தெப்பக்குளம்:
பைப் சரிதான். ஆனால் முகவரிக்குள் யாராவது என்டர் தட்டியிருந்தால் எந்தப் பிரிப்பானும் உதவாது, வரி அங்கேயே முடிந்துவிடும். எக்ஸ்போர்ட் செய்யும்போதே தகவலை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடச் சொல்லுங்கள். மேற்கோள் இருந்தால் கமாவே போதும். முகவரிக்குள்ளேயே மேற்கோள் வந்தால் அது இரண்டாக எழுதப்பட வேண்டும், 2005-ல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற சிஎஸ்வி வரையறையும் அப்படித்தான் சொல்கிறது. நோட்பேடில் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்றும்போது ‘ஃபீல்ட்ஸ் டெர்மினேட்டட் பை’ கமா, ‘ஆப்ஷனலி என்க்ளோஸ்ட் பை’ இரட்டை மேற்கோள். பிரிப்பானைச் சொல்லாமல் விட்டால் மைஎஸ்கியூஎல் டேப் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் இருப்பதால் கேரக்டர் செட் (எழுத்துக் குறியீட்டு முறை) யூடிஎஃப்8எம்பி4.

தயவுசெய்து நேராகக் கடன் டேபிளில் ஏற்றாதீர்கள். தற்காலிக டேபிளில் ஏற்றி, ஆட்களின் எண்ணிக்கையும் பாக்கித் தொகையின் கூட்டலும் பழையதோடு ஒத்துவருகிறதா பாருங்கள். ஊரில் பத்து பேருடைய பாக்கி இடம் மாறினால் கடைக்குத்தான் கெட்ட பெயர்.

சிம்மக்கல்:
மேற்கோளோடு எடுத்தேன். கமாவோ என்டரோ உள்ள இடத்துக்கு மட்டும் மென்பொருள் மேற்கோள் போட்டிருக்கிறது. முகவரி இப்போது உடையவில்லை, எண்ணிக்கை சரி, கூட்டலும் பைசா பிசகவில்லை. ஆனால் கடைசியில் உள்ள ஊர்ப் பெயரில் ‘மதுரை’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. கண்ணுக்கு மதுரை என்றுதான் தெரிகிறது.

தெப்பக்குளம்:
விண்டோஸில் எடுத்த கோப்பா? அதில் ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளில் முடியும். நீங்கள் எதுவும் சொல்லாததால் எல்எஃப் மட்டும் வரி முடிவாகிறது. சிஆர் ‘மதுரை’யோடு ஒட்டிக்கொள்கிறது. ‘லைன்ஸ் டெர்மினேட்டட் பை’ என்பதில் இரண்டையும் கொடுங்கள். டேபிளைக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

சிம்மக்கல்:
வந்துவிட்டது அண்ணே! தேடினால் மதுரை ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் நன்றி. நாளைக் காலை கடை திறக்கும் முன் அசல் டேபிளுக்கு மாற்றிவிடுகிறேன்.