கலைச்சொல்: நாடகத்தில் 'கான்ஃபிளிக்ட்' – மோதலா, முரணா, இழுபறியா?

குழுவினருக்கு வணக்கம்.

நாடக எழுத்துப் பயிற்சிக் கையேடு ஒன்றுக்குச் சொற்பட்டியல் திரட்டி வருகிறோம். கதைமாந்தர், கதைப்பின்னல், இலக்கு, உச்சம் ஆகியவற்றில் தொல்லை இல்லை. 'கான்ஃபிளிக்ட்' மட்டும் இடிக்கிறது. மோதல், முரண், முரண்பாடு, சிக்கல், போராட்டம் என ஐந்து சொற்கள் புழங்குகின்றன. வரைவில் இப்போதைக்கு 'மோதல்' என்று இட்டு, "ஒருவர் அடைய நினைப்பதை இன்னொருவர் தடுப்பதால் உண்டாவது" என்று விளக்கம் தந்திருக்கிறோம். இதையே வைத்துக்கொள்ளலாமா?

———

> வரைவில் இப்போதைக்கு 'மோதல்' என்று இட்டு

வேண்டாம் ஐயா. அது வேரின் மொழிபெயர்ப்பு. லத்தீன் மூலத்தில் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது என்று பொருள். அதை அப்படியே தமிழாக்கிவிட்டோம். இதனால் நேரும் கேடு பயிற்சியில்தான் தெரியும். "இந்தக் காட்சியில் மோதல் போதவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வரைவில் இருவரும் கத்துவார்கள், ஒருவர் கதவை அறைந்து சாத்துவார். யாருக்கு என்ன வேண்டும் என்பது முன்பு தெரியவில்லை, இப்போதும் தெரியாது. சத்தம் மட்டும் கூடியிருக்கும்.

முரண் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. யாப்பில் முரண்தொடை, திறனாய்வில் முரண்நகை. முரண்பாடு என்றால் பேச்சுக்குப் பேச்சு ஒவ்வாமை என்றே படிப்பவர் கொள்வார். நூலிழையில் சிக்கல் விழுந்தால் அங்கே எதிராளி என்று யாரும் இல்லை.

நான் முன்வைப்பது: இழுபறி.

இதில் எனக்குப் பிடித்தது, சொல்லுக்குள்ளேயே மூன்று உறுப்புகள் இருப்பது. ஒரு பொருள், அதைப் பற்றிய இரண்டு கைகள், இன்னும் முடியாத முடிவு. இவற்றில் எது குறைந்தாலும் நாடகம் நடக்காது. ஒருவருக்கு நிலம் வேண்டும், இன்னொருவருக்குப் புகழ் வேண்டும் என்றால் இருவரும் எவ்வளவு கத்தினாலும் அவரவர் வழியில் போய்விடலாம். இருவரின் கையும் ஒரே பொருளின் மேல் இருக்க வேண்டும்.

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ஆன்டிகனி நாடகத்தில் அந்தப் பொருள் ஒரு பிணம். அண்ணன் பாலினைசீஸின் உடலை அடக்கம் செய்தே தீருவேன் என்கிறாள் ஆன்டிகனி. அது வெட்டவெளியில் கிடந்து அழுக வேண்டும் என்பது அரசன் கிரியோனின் ஆணை. பாதி அடக்கம் என்று ஒன்று கிடையாது, நடுவழி இல்லை.

அதைவிட முதற்காட்சியைப் பாருங்கள். அக்காள் தங்கை இருவர்தான். பகை இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். ஆன்டிகனிக்குத் தங்கையின் கை உதவி வேண்டும். இஸ்மினிக்கு அக்காள் உயிரோடு வேண்டும். 'செய்யாதே' என்று தொடங்கும் இஸ்மினி, அது நடக்காது என்று தெரிந்ததும் 'செய்வதானால் யாருக்கும் சொல்லாமல் செய், நானும் சொல்ல மாட்டேன்' என்று ஓரடி இறங்கி வருகிறாள். அந்த ஓரடியையும் அக்காள் ஏற்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல், மறைத்தால்தான் உன்னை அதிகம் வெறுப்பேன் என்கிறாள். இதை மோதல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இழுபறி என்றால் அப்படியே பொருந்துகிறது.

———

இழுபறி அழகான சொல்தான். மூன்று ஐயங்கள்.

ஒன்று, செய்தித்தாள் வழக்கு. "தொகுதிப் பங்கீட்டில் இழுபறி" என்றால் எதுவும் நகரவில்லை என்று பொருள். நாடகத்தில் அல்லவா நகர வேண்டும்?

இரண்டு, கடலும் நோயும் எதை இழுக்கின்றன?

மூன்று, தனக்குள் தானே போராடுவதை என்ன சொல்வது?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அடியார்க்குநல்லார் சிலப்பதிகார உரையில் முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து சந்திகளைத் தருகிறாரே, அந்த மரபில் பொருத்தமான சொல் இருக்காதா?

———

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அது என் மனத்துக்கு நெருக்கமானது. அந்த ஐந்தும் பயிரின் பருவங்கள். வித்து முளைக்கிறது, நாற்றாகிறது, கருக்கொள்கிறது, கதிர் முற்றுகிறது, கடைசியில் அறுத்துப் போரடித்து உண்கிறார்கள். கதை வளரும் நிலைகளுக்கு இதைவிட நல்ல பெயர்கள் கிடைக்கா. கையேட்டில் கட்டாயம் சேருங்கள். ஆனால் அவை நிலைகளின் பெயர்கள். எதிர்த்து இழுக்கும் விசைக்கு அந்த ஐந்தில் பெயர் இல்லை.

> எதுவும் நகரவில்லை என்று பொருள்

இது குறை என்றே நான் நினைக்கவில்லை. லாயோஸ் எக்ரி 1946-இல் வெளியான, நாடகம் எழுதும் கலை பற்றிய தம் நூலில் கான்ஃபிளிக்டை தேங்கி நிற்பது, திடீரென்று தாவுவது, படிப்படியாக ஏறுவது என்று வகை பிரித்து, முதல் இரண்டையும் பிழை என்றார். அவற்றைத் தேங்கிய இழுபறி, தாவிய இழுபறி, ஏறும் இழுபறி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 'தேங்கிய மோதல்' என்று சொல்ல முடியுமா?

சோதிக்கும் முறையையும் சொல்லே தருகிறது. மூன்று பக்கக் காட்சியை எடுத்துக்கொண்டு, ஐந்தாறு வசனத்துக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு கோடு வரையுங்கள். பொருள் யார் பக்கம் நகர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் புள்ளி வையுங்கள். நான்கு புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தால் காட்சி தேங்கிவிட்டது. பெரும்பாலும் இருவரும் ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பதுதான் காரணம்: ஒருவர் கெஞ்சுகிறார், மற்றவர் மறுக்கிறார், மறுபடி கெஞ்சுகிறார். கெஞ்சியது பலிக்காவிட்டால் மிரட்ட வேண்டும், பேரம் பேச வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். இதற்குப் 'பிடி மாற்றம்' என்று பெயர் வைக்கலாம். மாறாக, புள்ளி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே தாவலில் போயிருந்தால் நடுவில் ஒரு பிடி மாற்றம் விடுபட்டிருக்கிறது.

> கடலும் நோயும் எதை இழுக்கின்றன?

இழுப்பதில்லை. அவற்றுக்கு இலக்கு கிடையாது. ஆகவே அவை 'தடை', அந்தச் சொல் போதும். புயலில் கப்பல் ஆடுவது தடை. பாரம் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிய வேண்டும் என்று மாலுமியும், கூடாது என்று சரக்குக்காரரும் நிற்பது இழுபறி. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததால்தான் தடைகளை மட்டுமே அடுக்கிவிட்டுக் கதை நகரவில்லையே என்று எழுதுகிறவர்கள் திகைக்கிறார்கள். கையேட்டின் விளக்கத்தில் உள்ள 'தடுப்பதால்' என்பதையும் இதற்காகவே மாற்றச் சொல்வேன். தடுப்பவருக்கும் தனக்கென்று ஒன்று வேண்டியிருக்க வேண்டும். கிரியோன் ஆன்டிகனியைத் தடுப்பதற்காகப் பிறந்தவன் அல்லன். போரில் சீரழிந்த தீப்ஸ் நகரில் தன் ஆணை நிற்க வேண்டும் என்பது அவன் இலக்கு.

மூன்றாவதற்கு 'மனப்போராட்டம்' என்று ஊரறிந்த சொல் இருக்கிறது. அதை அசைக்க வேண்டாம்.

———

ஏற்கிறேன். 'பிடி' என்று நீங்கள் சொன்னதைத் தொடர்ந்தால் இன்னும் கிடைக்கிறது: பிடி தளர்தல், பிடி விடுதல். இழுக்கப்படுவது 'இழுபொருள்'. ஆன்டிகனியின் கடைசிப் பகுதிக்கு இவை உதவும். ஆன்டிகனியைக் குகையில் அடைத்த கிரியோன் பிடி விடத்தான் செய்கிறான். பெண்ணை முதலில் குகையிலிருந்து விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள் பாடற்குழு முதியோர். அவனோ பிணத்தை அடக்கிவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். மகன் ஹீமனும், அடுத்து மனைவியும் போகிறார்கள். பிடி விடுவதற்கும் ஒரு வேளை உண்டு என்பதைக் கையேட்டில் இதை வைத்தே விளக்கலாம்.

'ஸ்டேக்ஸ்' (தோற்றால் இழக்க நேர்வது) என்பதற்குப் பணயம் என்று இடுவதா என்பது தனி இழையாகட்டும். பணயம் ஒருவர் தெரிந்து வைப்பது. கிரியோன் மகனைத் தெரிந்து வைக்கவில்லை.

———

நன்றி. வரைவில் இப்படித் திருத்துகிறோம்:

இழுபறி (பெ.): ஒரே இழுபொருளைப் பற்றிய இரு கதைமாந்தரின் இலக்குகள், இரண்டும் ஒருசேர நிறைவேற முடியாதபடி எதிரெதிராக இயங்குவது. ஒப்பிடுக: தடை.

———

ஒரு சிறு திருத்தம். தொகைகளில் ஒற்று விடாதீர்கள்: இழுபறிக் காட்சி, இழுபறிப் புள்ளி. 'மோதல்' என்ற பதிவை நீக்கவும் வேண்டாம். மேடையில் கைகலப்பு, வாட்சண்டை ஆகியவற்றுக்கு அது தேவைப்படும்.