பிரெவே: இருமொழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படி நடக்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாரிஸ் மேற்குப் புறநகரிலிருந்து ஒரு அம்மா:

என் மகள் 2025 ஜூனில் பிரெவே (கொலேஜ் முடிவில் பிரான்ஸ் முழுக்க எழுதும் சோதனை) எழுதினாள். கொலேஜில் (நடுநிலைப் பள்ளி) அவள் ஆங்கில சர்வதேசப் பிரிவு. வாரத்தில் நாலு மணி நேரம் ஆங்கில இலக்கியம், வரலாறும் புவியியலும் பாதி ஆங்கிலத்தில், பாதி பிரெஞ்சில். இதைக் கேட்ட உறவுக்காரர்கள் எல்லாரும், "அப்ப சோதனையும் பாதி இங்கிலீஷ்தானே, பிள்ளைக்குச் சுகம்" என்றார்கள். எங்கே! பிரெஞ்சு, கணக்கு, அறிவியல் எல்லாம் பக்கத்துத் தெருக் கொலேஜில் படிக்கிற பிள்ளைக்கு என்ன தாளோ அதே தாள்தான். இங்கே புதிதாகச் சேர்க்கிற பெற்றோர் பலர் அதே நினைப்பில் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எழுத்துச் சோதனை 26, 27 என இரண்டு நாள். அந்த வாரம் பிரான்சையே வெயில் வாட்டியது. முதல் நாள் காலையில் பிரெஞ்சு மட்டுமே மூன்று மணி நேரம். முதலில் ஒரு பத்தியைக் கொடுத்து இலக்கணமும் பொருளும் கேட்பார்கள், பிறகு திக்தே (சொல்வதைக் கேட்டு எழுதுவது), கடைசியில் ஒன்றரை மணி நேரக் கட்டுரை. கட்டுரைக்கு இரண்டு தலைப்பு கொடுப்பார்கள். ஒன்று கற்பனை, மற்றது யோசித்து வாதிடுவது. இவள் எப்போதும் கற்பனை பக்கம்தான் போவாள்.

எங்கள் வீட்டில் பயம் எல்லாம் திக்தேக்குத்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் பாதி ஆங்கிலம், கூட்டாளிகளோடு பிரெஞ்சு. பேசினால் ஒரு பிழை காணமுடியாது. ஆனால் பிரெஞ்சில் காதில் விழாத எழுத்துகள்தான் அதிகம். ஆசிரியர் ஒரு முறை முழுதாக வாசிப்பார், பிறகு துண்டு துண்டாக, நிறுத்தற்குறியோடு சொல்லிக்கொண்டே போவார், கடைசியில் மறுபடி ஒரு முறை. வினையின் முடிவில் ஒரு ஈ (e) சேர்க்கவேண்டுமா, ஈ-யும் எஸ்ஸும் (es) சேர்க்கவேண்டுமா என்பது வாசிப்பில் தெரியாது. வாக்கியத்தில் முன்னால் எது வந்தது, அது ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்று திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். ஜனவரியிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாலு வரி எழுத வைத்தோம். ஆனால் நிதானமாக யோசித்தால், திக்தேக்கு நூற்றுக்குப் பத்துப் புள்ளிதான், கட்டுரைக்கு நாற்பது. வீட்டில் நடந்த சண்டையோ முழுக்கத் திக்தேக்காக.

அவள் எழுதிய வருடம் வரை மொத்தம் 800 புள்ளி. 400 சோதனைக்கு, 400 ஆண்டு முழுக்கப் பள்ளியில் செய்ததற்கு. அந்த இரண்டாவது 400-ஐ எட்டுத் திறன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 50 என்று போட்டார்கள். அதில் ஒன்று வேற்று மொழி. இருமொழிப் பிள்ளைக்கு அந்த ஐம்பது கையில் இருக்கிற காசு. அதற்கு மேல் பெரிய சலுகை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது மொழிக்குத் தனி இடம் கிடைப்பது பிரெவேயில் சர்வதேச விருப்பம் (option internationale) என்ற வகையில்தான். பிரிவின் மொழியில் இரண்டு சிறப்புத் தேர்வுகள், இரண்டும் வாய்மொழி. ஒன்று மொழியும் இலக்கியமும், இன்னொன்று வரலாறு–புவியியல் (சீன மொழிப் பிரிவில் அதற்குப் பதில் கணக்கு). சான்றிதழிலும் அந்த விருப்பத்தைக் குறிப்பிடுவார்கள். வரலாற்றில் அவளுக்குக் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்ற காலத்திலிருந்து கேள்வி வந்தது. அவள் எடுத்துக்கொண்டது 1947 இந்தியா. புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டு, பிரிவினையில் எல்லை தாண்டி நடந்தவர்களைப் பற்றித் தன் போக்கில் பேசினாளாம். கேட்டவருக்கு முகம் மலர்ந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சரி, முகம் மலர்வதற்கெல்லாம் புள்ளி உண்டா தெரியாது, நல்ல மதிப்பெண் வந்தது.

பாரிசிலிருந்து இன்னொரு அம்மா:

அக்கா, உங்கள் பிள்ளை படித்தது அரசு கொலேஜ். தனியார் இருமொழிப் பள்ளியில் சேர்க்கிறவர்கள் வேறு ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசோடு ஒப்பந்தம் உள்ள பள்ளியா, இல்லாத பள்ளியா?

என் மகன் படித்த பள்ளி (பெயர் வேண்டாம்) பார்க்க நன்றாக இருக்கும். காலையில் பிரெஞ்சு, மதியம் ஆங்கிலம், ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள், மாதக் கட்டணத்தைச் சொன்னால் தலை சுற்றும். ஆனால் ஒப்பந்தம் இல்லாத பள்ளி. அப்படிப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் பிரெவேயைத் தனித்தேர்வராகத்தான் எழுதுகிறார்கள். ஆண்டு முழுக்க ப்ரோநோட்டில் (பள்ளி மதிப்பெண் பார்க்கும் செயலி) குவித்த, இருபதுக்குப் பதினாறும் பதினேழும் பிரெவேக்குச் சேராது. சோதனை நாளில் எழுதுவதுதான் முழு மதிப்பெண். மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கும் திட்ட வாய்மொழித் தேர்வும் இவர்களுக்குக் கிடையாது, அதற்குப் பதில் வேற்று மொழியில் ஒன்றரை மணி நேர எழுத்துத் தாள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு அது இலகு. மற்ற தாள்களில் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க ஆண்டு மதிப்பெண் இல்லை என்பதுதான் இடி.

இதைப் பள்ளி எங்களுக்குச் சொன்னது துருவாசியெம் (கொலேஜின் கடைசி வகுப்பு) தொடங்கிப் பதிவு செய்யும் நேரத்தில். சேர்க்கும்போது ஒரு வார்த்தை இல்லை. தேர்வு மையமும் அவன் கண்டிராத ஒரு அரசு கொலேஜ். அவன் தேறிவிட்டான், அது அவன் சாமர்த்தியம். அந்தப் பள்ளி நிர்வாகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

புதுச்சேரியில் படித்து இப்போது துலூசில் இருப்பவர்:

நான் புதுச்சேரி லிசேயில் (பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளி) படித்தவன், 1826-இல் தொடங்கிய பள்ளி. பிரெஞ்சுத் தாளை எழுதிவிட்டு வெளியே வந்து தமிழில் சண்டை போடுவோம். பிரெவேக்கு அங்கேயும் பிரெஞ்சுத் தாள்தான், ஒரு வித்தியாசம், அப்போது எங்கள் தேர்வு பிரான்சுக்கு முன்பே, வெயில் காலத்தில் முடிந்துவிடும். அதனால் 'போந்திஷேரி' தாள் என்றால் பிரான்சில் அந்தக் காலப் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை. ஜூனில் என்ன வரும் என்று மோப்பம் பிடிக்க எங்கள் கணக்குத் தாளைத்தான் முதலில் எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். துலூசில் பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்றைப் புரட்டியபோது எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து, கடையிலேயே நின்று சிரித்தேன். உங்கள் பிள்ளைகளுக்கும் பயிற்சிக்கு அவை நல்லவை, இணையத்தில் கிடைக்கும். வடிவம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

ரென் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு ஆசிரியை:

மாறியதை நான் சொல்கிறேன். 2026 ஜூனிலிருந்து 800 புள்ளிக் கணக்கு போய்விட்டது, எல்லாம் இருபதுக்கு. சோதனைக்கு 60 சதவீதம், துருவாசியெம் ஆண்டு மதிப்பெண்ணுக்கு 40 சதவீதம். அந்த எட்டுத் திறன் முறையும் போனது, பாடங்களின் ஆண்டு சராசரிதான் கணக்கு. பாட்டு வகுப்பும் விளையாட்டும் ஆங்கிலத்துக்குச் சமமாக நிற்கும். ஆகவே மொழியில் கெட்டிக்காரப் பிள்ளை விளையாட்டு வகுப்பை ஏய்த்தால் அங்கேயே புள்ளியை விட்டுவிடும். 12 வந்தால் அசே பியான் (ஓரளவு நன்று), 14 பியான் (நன்று), 16 த்ரே பியான் (மிக நன்று), 18-க்கு நடுவர் குழுவின் பாராட்டும் சேரும்.

கணக்குத் தாளில் முதல் இருபது நிமிடம் கால்குலேட்டர் கிடையாது. ஆறு புள்ளிக்குச் சின்னச் சின்னக் கேள்விகள். பின்னம், சதவீதம், அலகு மாற்றுவது. எங்கள் வகுப்பில் கால்குலேட்டரை எடுத்து வைத்ததும் 3/4-இல் பாதி எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறார்கள். வீட்டில் தமிழில் வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகள் இதில் முந்துவதைப் பார்க்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வகை இருமொழி எங்கள் பக்கம் உண்டு, பிரெத்தோன், இந்த வட்டாரத்தின் மொழி. 1977-இல் தொடங்கிய திவான் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளின் இருமொழிப் பிரிவிலும் படிக்கிற பிள்ளைகள் கணக்கு விடையைப் பிரெத்தோனில் எழுதலாம். திருத்த அந்த மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஆங்கிலப் பிரிவுப் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. வட்டார மொழிக்கென்று வைத்த ஏற்பாடு அது. ஆனால் வழக்கமான வாய்மொழித் தேர்வில், பதினைந்து நிமிடத்தில், ஒரு பகுதியைப் பள்ளியில் படிக்கும் வேற்று மொழியில் பேசலாம். பலருக்கு இது தெரியாது. பெரும்பாலும் ஸ்தாஜ் (வேலையிடப் பயிற்சி) பற்றியே பேசுகிறார்கள். சென்ற வருடம் ஒரு பெண் தன் மாமாவின் மளிகைக் கடை ஸ்தாஜை எடுத்துக்கொண்டு, சரக்கு இறக்குமதி பற்றி ஆங்கிலத்தில் பேசினாள். அரிசி மூட்டைக்கு மேல் ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்து வந்திருந்தாள். கேள்விகள் நீண்டுகொண்டே போயின.

முதலில் எழுதிய அம்மா:

நன்றி மிஸ், அந்த ஆங்கிலப் பகுதி விஷயம் எனக்கும் புதிது. ஒன்று கேட்கவா, பிரெவே தவறினால் லிசே இல்லையா? இங்கே ஒரு தம்பி தனிச் செய்தியில் பயந்து எழுதியிருக்கிறார்.

ரென் ஆசிரியை:

அப்படி இல்லை. லிசேக்கு அனுப்புவதை வகுப்பு மன்றமும் பள்ளியும் ஜூனில் தனியாகத் தீர்மானிக்கின்றன. பிரெவேயைக் கட்டாயமாக்கப் போவதாக 2023 டிசம்பரில் அரசு அறிவித்தது உண்மை, பின்பு அதைக் கைவிட்டார்கள். அந்தத் தம்பியைத் தூங்கச் சொல்லுங்கள். மறக்காமல் அடையாள அட்டையும் அழைப்புக் கடிதமும் பையில் வைக்கட்டும், கால்குலேட்டரில் தேர்வு முறையை (mode examen) எப்படிப் போடுவது என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளட்டும்.