மறுமொழி: 'இடுப்புத் தளம்' வேண்டாம், 'ஏந்துதசை' என்போம்

> உதரவிதானத்துக்கு இணையாக இதை 'அடிவிதானம்' என்றால் ஓசையும் பொருளும் ஒத்துவருமே?

ஐயா, வணக்கம். ஆங்கிலத்தில் pelvic floor எனப்படும், இடுப்பின் அடியில் உள்ள தசைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே நம் பேச்சு.

உதரவிதானத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தது மிகச் சரி. மூச்சை இழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் இறங்குகிறது. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இந்தத் தசைகளும் கூடவே சற்றுத் தாழ்கின்றன. மூச்சை விடும்போது இரண்டும் மேலேறுகின்றன. ஆனால் விதானம் தலைக்குமேல் கட்டுவது. அதைக் கீழே விரிக்க மனம் ஒப்பவில்லை.

'இடுப்புத் தளம்' புழக்கத்தில்தானே இருக்கிறது, மாற்றுவானேன் என்று இங்கே ஓர் அம்மா கேட்டிருந்தார். நான் இயன்முறை மருத்துவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் இருமினாலே சிறுநீர் கசிகிறது என்று ஒருவர் வந்தார். 'தளத்தை இறுக்க வேண்டும்' என்று எங்கோ கேட்டிருக்கிறார். மூச்சைப் பிடித்து, கன்னம் உப்ப இறுக்கிக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே கை வைத்தேன். வயிறு வெளியே தள்ளியது. மேலேற வேண்டிய தசையைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார். தளம் என்றால் சிமென்ட் தளம்தானே நினைவுக்கு வரும்? கெட்டியாக்கத்தான் தோன்றும்.

ஒரு துண்டின் இரு முனைகளையும் அவர் கையில் கொடுத்து, நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்தேன். "தூளி!" என்றார். மூச்சை இழுக்கும்போது தூளி தாழட்டும், விடும்போது மெல்லத் தூக்குங்கள் என்றேன். நாலைந்து மூச்சுக்குள் வயிறு அடங்கியது.

'தூளித்தசை' என்றே வைத்திருப்பேன். ஆனால் ஈழத்தில் அது ஏணை. மேலும், புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து வரும் ஆண்களுக்கும் இதே பயிற்சிதான். ஆகவே தூளி செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஏந்துதசை. ஏந்துதசைத் தளர்ச்சி, ஏந்துதசைப் பயிற்சி என்று சொல் தடையின்றி வளர்கிறது.

மூலபந்தத்தைச் சிலர் முன்மொழிந்தீர்கள். ஹடயோகத்தில் அது இந்தத் தசையை இறுக்கிக் கட்டுவதன் பெயர். எங்களுக்கோ அவிழ்ப்பதும் சம அளவில் வேண்டும். சிலருக்கு இந்தத் தசை இறுகிக் கிடப்பதே நோய். 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதிய, இந்தத் தசையைச் சுருக்கும் பயிற்சி அவர் பெயரிலேயே இருக்கட்டும். மூச்சோடு இணைத்துச் செய்வதற்கு 'ஏந்துமூச்சு' எனலாமா?

ஓர் அச்சம் உண்டு. வினைத்தொகை ஆயிற்றே, 'ஏந்தி நிறுத்திய மூச்சு' என்று யாராவது பொருள் கொண்டு மூச்சைப் பிடித்துவிட்டால், நான் தடுக்க நினைத்ததே நடந்துவிடும். இலக்கணம் அறிந்தவர்கள் வேறு ஒட்டு இருந்தால் சொல்லுங்கள்.