பழைய ஸ்பிளெண்டருக்கு சாதா பெட்ரோலா, பவர் பெட்ரோலா?

சிறுமலை_ரைடர் (கேள்வி):
நண்பர்களே, என்னிடம் இருப்பது 2014 ஸ்பிளெண்டர், கார்புரேட்டர் வண்டி. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு வேலையாக அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, பின்னால் பெரும்பாலும் ஆளோ சுமையோ இருக்கும். கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மைலேஜும் இறங்கியிருக்கிறது. ஏற்றத்தில் டாப் கியரில் முறுக்கினால் இன்ஜினிலிருந்து டக் டக்கென்று சத்தம். பங்கில் கேட்டால் "பவர் பெட்ரோல் போடுங்க, ஆக்டேன் அதிகம், எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் கொடுப்பதில் பிரச்சினை இல்லை, உண்மையிலேயே பலன் இருக்குமா?

ரேஸ்பிரியன்:
நான் இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 தான் போடுகிறேன், வண்டி நன்றாக இழுக்கிறது. இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் மருந்தும் அதில் கலந்திருக்கிறது. தாராளமாகப் போடுங்கள்.

பழைய_வொர்க்‌ஷாப்:
தம்பி, ஆக்டேன் அதிகமென்றால் சக்தி அதிகம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அது அப்படியில்லை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அமுக்கப்படும்போது ஸ்பார்க்கின் தீ வந்து சேருவதற்குள் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங், நீங்கள் கேட்கும் அந்த டக் டக். அதைத் தாங்கும் திறனுக்குத்தான் ஆக்டேன் எண். உங்கள் வண்டியின் கம்ப்ரெஷன், அதாவது கலவையை அமுக்கும் விகிதம், 10-க்கு 1 என்பதைத் தாண்டாது, 91 ஆக்டேனே அதற்குப் போதும். டியூக் 390 மாதிரி 12-க்கு மேல் கம்ப்ரெஷன் உள்ள வண்டி என்றால் கதை வேறு. அதோடு உங்கள் வண்டியில் நாக்கிங்கை உணரும் நாக் சென்சாரும் கிடையாது, நல்ல பெட்ரோல் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஸ்பார்க் அடிக்கும் டைமிங்கை மாற்ற அதற்கு வழியே இல்லை. அப்புறம் எதற்குக் கூடுதல் காசு?

டாப் கியரில் சத்தம் வருவதற்கு முதல் காரணம் கியர்தான். சுமையோடு மலை ஏறும்போது மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்குங்கள், இன்ஜினை முக்க விடாதீர்கள். அப்படியும் சத்தம் வந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி கார்பன் படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் சேரச் சேர உள்ளே இடம் குறைந்து கம்ப்ரெஷன் ஏறும், அந்தக் கரியே சூடேறி நெருப்பும் வைக்கும்.

எத்தனால்_கவலை:
ஆக்டேனைப் பற்றிப் பேசுகிறோம், எத்தனாலை விட்டுவிட்டோமே! இப்போது பங்கில் வருவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் சொந்த ஆக்டேனே 100-க்கு மேல், அதனால்தான் ஈ20-இன் ஆக்டேன் 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொன்னது. அப்படியானால் 95 என்ற எண்ணுக்காகத் தனியாகக் காசு கொடுப்பதில் என்ன இருக்கிறது? சுத்தம் செய்யும் மருந்து வேண்டும் என்றால் சரி, ஆனால் அது ஆக்டேனோடு சம்பந்தமில்லாத தனி விஷயம்.

இவருடைய பிரச்சினை இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய இருசக்கர வண்டிகளுக்கு ஈ20-இல் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எத்தனாலில் ஆக்சிஜனும் இருப்பதால் கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குத் தேவையான எரிபொருள் குறைவாக இருக்கும். எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி சென்சாரை வைத்துச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய_வொர்க்‌ஷாப்:
இவர் சொல்வது சரி. முதலில் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டேப்பெட் (வால்வு இடைவெளி) இந்த மூன்றையும் பாருங்கள், பிறகு கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை டியூன் செய்யுங்கள். பெட்ரோல் டியூப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாகிவிட்டாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். ஏப்ரல் 2023-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஈ20-ஐத் தாங்கும் ரப்பர் இருக்கிறது, உங்களுடையதில் இருக்காது. டியூப், கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் (ஃப்ளோட் பவுல்) இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இரண்டும் அதிக விலையில்லை, ஆனால் இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் ஆபத்து.

ரேஸ்பிரியன்:
அப்படியானால் 100 ஆக்டேன் எக்ஸ்பி100? அதில் எத்தனால் இல்லை என்கிறார்களே.

எத்தனால்_கவலை:
இல்லைதான். ஆனால் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல். தினமும் மலை ஏறும் ஸ்பிளெண்டருக்கு அதை ஊற்றுகிற காசில் கார்புரேட்டரையே புதிதாக மாற்றிவிடலாம்.

சிறுமலை_ரைடர்:
ரொம்ப நன்றி, முதலில் டியூப்பையும் கார்புரேட்டரையும் பார்க்கிறேன், சாதா பெட்ரோலே போதும். இன்னொன்று, மழைக்காலத்தில் சில வாரம் வண்டி சும்மாவே நிற்கும். அதற்கு ஏதாவது செய்யணுமா?

பழைய_வொர்க்‌ஷாப்:
கட்டாயம் செய்யணும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் பிரிந்து டேங்க்கின் அடியில் போய் நிற்கும். டேங்க்கை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால் ஈரமும் குறைவு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை அடியில் உள்ள ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள். டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும், அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.