அப்போஸ்தலர் 12-இல் வரும் ஏரோது யார்? நல்லவனா, கெட்டவனா?

அல்லிக்குளம் கேட்டது:

வணக்கம். ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு அப்போஸ்தலர் நடபடிகள் எடுக்கிறேன். 12-ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான், பேதுருவைச் சிறையில் போடுகிறான், கடைசியில் புழுபுழுத்துச் சாகிறான். "பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற ஏரோது அப்போதே செத்துட்டானே, இது யாரு?" என்று ஒரு பையன் கேட்டான். தேடினேன். இவன் பெயர் அகிரிப்பா, யூதர்கள் இவனை நல்ல அரசன் என்று போற்றினார்கள் என்று வருகிறது. பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

கரைமேடு:

அக்கா, ஏரோது என்பது ஏறக்குறைய குடும்பப் பெயர் மாதிரி. குழந்தைகளைக் கொன்றவன் பெரிய ஏரோது, கி.மு. 4-இல் இறந்தான். யோவான் ஸ்நானனின் தலையை வாங்கியது அவன் மகன் அந்திப்பா. நீங்கள் கேட்பது பேரன், முதலாம் அகிரிப்பா. பவுலை விசாரிக்கும்போது உட்கார்ந்திருப்பவன் கொள்ளுப்பேரன், இரண்டாம் அகிரிப்பா.

செம்புக்காசு:

நான் பழைய நாணயம் சேர்ப்பவன். இந்த அகிரிப்பாவின் வெண்கலக் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவுதான். ஒரு பக்கம் குஞ்சம் தொங்கும் கொற்றக்குடை, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் "அகிரிப்பா ராஜாவின்" என்று இருக்கும். மறுபக்கம் மூன்று தானியக் கதிர்கள், "6-ஆம் ஆண்டு", அதாவது அவன் ஆட்சியின் ஆறாம் ஆண்டு, கி.பி. 41-42. மனித முகம் கிடையாது, எருசலேமில் அது ஆகாது. ஆனால் செசரியா போன்ற ஊர்களுக்கு அவனே அடித்த காசுகளில் ரோமப் பேரரசர் முகமும் இருக்கும், அவன் முகமும் இருக்கும். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவன் வளர்ந்த கதையைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். அவன் பாட்டி மரியாம்னே, யூதர்களை முன்பு ஆண்ட மக்கபேயரின் அஸ்மோனிய அரச வம்சத்துப் பெண். அவளைக் கொன்றது கணவன் பெரிய ஏரோதுவே. கி.மு. 7-இல் அவள் பெற்ற இரண்டு மகன்களையும் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தான். அதில் ஒருவன் அரிஸ்தொபூலு, அகிரிப்பாவின் அப்பா. அப்பா போனபோது பையன் சின்னக் குழந்தை. பிறகு ரோமுக்கு அனுப்பப்பட்டு, பின்னாளில் பேரரசரான திபேரியுவின் மகன் துரூசுவோடு வளர்ந்தான்.

துரூசு இறந்ததும் கையில் காசில்லை. கடன்காரர்களுக்குப் பயந்து யூதேயாவுக்குத் தெற்கே இதுமேயாவில் ஒரு கோபுரத்தில் ஒளிந்துகொண்டு தற்கொலைக்கே துணிந்தான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். தடுத்தவள் மனைவி கிப்ரோஸ். பின்னால் அலெக்சாந்திரியாவில் 2,00,000 திராக்மா கடன் கேட்டபோது அங்கிருந்த யூதத் தலைவர் அவனை நம்பிக் கொடுக்கவில்லை, கிப்ரோஸை நம்பித்தான் கொடுத்தார். அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ரோமில், அடுத்துப் பேரரசனாக இருந்த காலிகுலாவிடம் "நீ சீக்கிரம் பேரரசனாக வேண்டும்" என்று அகிரிப்பா சொன்னது அவன் தேரோட்டி வழியாகத் திபேரியுவின் காதுக்குப் போய், ஆறு மாதம் விலங்கோடு கிடந்தான். கி.பி. 37-இல் காலிகுலா அரியணை ஏறியதும் அவனை விடுவித்து, இரும்புச் சங்கிலி எடைக்கு எடை தங்கச் சங்கிலி கொடுத்து, பெரிய ஏரோதுவின் இன்னொரு மகன் பிலிப்பு ஆண்ட நாட்டையும் கொடுத்தான். பிறகு அந்திப்பாவின் கலிலேயா. 41-இல் அடுத்த பேரரசன் கிலவுதியு யூதேயாவையும் சமாரியாவையும் சேர்த்தபோது தாத்தா ஆண்ட பரப்பு கிட்டத்தட்ட முழுதும் பேரன் கையில். அந்தத் தங்கச் சங்கிலியை அவன் எருசலேம் தேவாலயத்தில் தொங்கவிட்டான்.

யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு காட்சி உண்டு. கூடாரப் பண்டிகையில் அரசன் நியாயப்பிரமாணத்தை மக்கள் முன் வாசிக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்கலாம், அகிரிப்பா நின்றே வாசித்தான். "அந்நியனை உன்மேல் ராஜாவாக வைக்கலாகாது" என்ற உபாகம வசனம் வந்ததும் கண்ணீர் வடித்தான். ஏரோது குடும்பம் இதுமேயாவிலிருந்து வந்தது, பரம்பரை யூதர் அல்ல, அந்த "அந்நியன்" என்ற சொல் அவனுக்குக் குத்தியிருக்கிறது. மக்கள், "பயப்படாதே அகிரிப்பா, நீ எங்கள் சகோதரன்" என்று கூவினார்கள். இது அவன் மகனைப் பற்றியது என்பாரும் உண்டு. நான் தந்தை என்றே கொள்கிறேன்.

இப்போது அப்போஸ்தலர் 12:3-ஐ வாசியுங்கள். யாக்கோபைக் கொன்றது யூதருக்குப் பிரியமாயிருந்ததைக் கண்டுதான் பேதுருவையும் பிடிக்கிறான். அழுதவனும் கொன்றவனும் ஒரே ஆள்தான் அம்மா. இந்த மக்கள் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு இரண்டிலும் இருக்கிறது. யாக்கோபின் ரத்தத்துக்கு அது சமாதானம் ஆகாது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அல்லிக்குளம்:

ஐயா, மிக்க நன்றி. அவன் சாவு பற்றி ஜோசிபஸும் எழுதியிருக்கிறாரா? அவன் பெற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

செம்புக்காசு:

எழுதியிருக்கிறார். கி.பி. 44, செசரியா. வெள்ளி இழை அங்கி காலை வெயிலில் மின்ன, முகஸ்துதி செய்தவர்கள் தெய்வம் என்றார்கள், அவன் மறுக்கவில்லை. ஐந்து நாள் வயிற்று வலியில் இறந்தான், வயது 54. உடனே செசரியா, செபஸ்தே ஊர்க்காரர்கள் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள், படைவீரர்கள் அவன் மகள்களின் சிலைகளைத் தூக்கிப்போய் அவமானப்படுத்தினார்கள்.

மகனுக்கு அப்போது 17 வயது. சின்னப் பையன் என்று கிலவுதியு நாட்டைக் கொடுக்காமல் ரோம ஆளுநரை அனுப்பினான். மூத்த மகள் பெர்னீக்கேயாள், அப்போஸ்தலர் 25-இல் அண்ணன் இரண்டாம் அகிரிப்பாவோடு வருகிறாள். கடைசிப் பெண் துருசில்லாளுக்கு அப்பா சாகும்போது ஆறு வயது. 24-ஆம் அதிகாரத்தில் ரோம ஆளுநர் பேலிக்ஸின் மனைவியாக உட்கார்ந்து பவுலின் பேச்சைக் கேட்பவள் அவள்தான். அவளுக்குப் பேலிக்ஸ் மூலம் பிறந்த மகன், வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மனைவியோடு மாண்டான். அவன் பெயரும் அகிரிப்பா.