முழு உருவம் வரைந்தால் மரப்பாச்சி மாதிரி விறைத்து நிற்கிறது

சயான்வாசி: மும்பைக்கு வந்து இரண்டு வருஷம். சின்ன வயதில் முத்து காமிக்ஸ் பார்த்தே வரையப் பழகியவன். முகம் வருகிறது, உடம்பு வரவில்லை. எங்கே தொடங்குவது?

கரித்துண்டு: தாதர் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போங்கள். ஒரு காலில் எடை போட்டு நிற்பவரைக் கவனியுங்கள், அந்தப் பக்கம் இடுப்பு மேலே ஏறும், தோள் கீழே இறங்கும், அந்த இரண்டு சாய்வுக் கோடுகளையும் முதலில் போட்டால் விறைப்பு பாதி போய்விடும். கண், மூக்கு எல்லாம் அப்புறம். ஆளுக்கு 30 விநாடி போதும்.

மாட்டுங்கா அக்கா: சரிதான், ஆனால் காமிக்ஸை விட்டுவிடாதீர்கள் தம்பி. அளவை மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். சாகச நாயகர்களை 8 தலை உயரம், அதாவது தலையின் நீளத்தைப் போல 8 மடங்கு, அதற்கு மேலும் வரைவார்கள், நிஜ ஆள் ஏழு, ஏழரைதான். கட்டத்துக்குள் ஆளை எங்கே நிறுத்துகிறார்கள், கறுப்பை எங்கே அப்புகிறார்கள் என்று பாருங்கள்.

சயான்வாசி: இன்று போனேன் அக்கா. சாமந்தி மூட்டையைத் தலையில் வைத்திருந்தவரின் கழுத்து நரம்பு, வளைந்த முதுகு! 14 படத்தில் இரண்டில் உயிர் இருக்கிறது. நாளையும் போகிறேன்.